முறை யாருக்கு? லினக்ஸ் மேசைக்கணினியின் வேகம் குறித்த ஒரு வழக்கின் வரலாறு

மேசைக்கணினியில் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது. பின்னணியில் பெரிய நிரல் ஒன்று தொகுக்கப்படுகிறது. பாட்டு விக்குகிறது, சுட்டெலி கையோடு வர மறுக்கிறது. தொகுப்பு முடிய ஆகும் நேரத்தை நொடிக்கணக்கில் அளந்துவிடலாம். விக்கலை எதைக்கொண்டு அளப்பது? லினக்ஸ் மேசைக்கணினியை வேகப்படுத்தும் முயற்சிகளின் வரலாற்றில் பெரும்பகுதி, இவ்விரு வேகங்களுக்கும் இடையே நடந்த வழக்கே.

வழக்கின் களம், கெர்னலின் உள்ளே இருக்கும் ஷெட்யூலர். காத்திருக்கும் பணிகளுள் எதற்கு அடுத்து மையச்செயலியைத் தருவது, எவ்வளவு நேரம் தருவது என்று முடிவுசெய்யும் பகுதி அது. 2.4 பதிப்புவரை ஒவ்வொரு முறையும் வரிசை முழுவதையும் பார்வையிட்டே அது தேர்வுசெய்தது. வரிசை நீண்டால் தேர்வும் தாமதமாகும். 2002ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இங்கோ மோல்னார் எழுதிய ஓ(1) ஷெட்யூலர், பணிகள் எத்தனையாயினும் ஒரே அளவு நேரத்தில் தேர்வை முடித்தது. வழங்கிகளுக்கு இது பெரும் பேறு. மேசைக்கணினிக்கோ வேறொரு சிக்கல் எஞ்சியது. எந்தப் பணியின் முன் மனிதர் அமர்ந்திருக்கிறார் என்பதைக் கெர்னல் எவ்வாறு அறியும்? அடிக்கடி உறங்கும் பணி விசைப்பலகைக்காகக் காத்திருக்கும் பணியாக இருக்கலாம் என்று ஊகித்து அதற்குச் சலுகை தரப்பட்டது. ஊகம் பல வேளைகளில் பலித்தது. பொய்த்த வேளைகளில் கணினி உறைந்தது.

கான் கொலிவாஸ் இங்குதான் நுழைகிறார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர். கணினித்துறையில் பட்டமோ பணியோ இல்லாதவர். கெர்னலைத் திருத்தியபடியே சி மொழியைக் கற்றவர். ‘சிகே’ என்ற தம் திருத்தத் தொகுப்பை வெளியிட்டதோடு, விக்கலை எண்ணாக்கும் சோதனைக் கருவிகளையும் எழுதினார். ஒலி, காணொளி, திரை ஆகியவற்றைப் போல நடிக்கும் பணிகளைச் சுமையின் நடுவே ஓடவிட்டு, அவை எவ்வளவு தாமதமாகின்றன என்று அளப்பது ‘இன்டர்பெஞ்ச்’ என்னும் அவரது கருவி. 2007 மார்ச்சில் அவர் முன்வைத்த ஷெட்யூலர் ஊகத்தையே கைவிட்டது. எல்லாப் பணிகளுக்கும் கண்டிப்பாகச் சமபங்கு அளித்தால், குறைவாகக் கேட்கும் பணி தானாகவே விரைவில் முறை பெறும் என்பது அதன் அடிப்படை.

அடுத்த மாதமே மோல்னார் அதே நியாயப்பங்கீட்டுக் கொள்கையில் சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலரை வெளியிட்டார். அக்கொள்கை செல்லும் என்று காட்டியவர் கொலிவாஸ் என்பதையும் அறிவிப்பிலேயே ஒப்புக்கொண்டார். அக்டோபரில் வந்த 2.6.23 பதிப்பில் இடம்பெற்றது சிஎஃப்எஸ். பெயரின் விரிவு ‘முற்றிலும் நியாயமான ஷெட்யூலர்’. பணியின் முன்னுரிமையைக் குறிக்கும் யூனிக்ஸ் எண்ணுக்குப் பெயர் ‘நைஸ்’: அது −20 முதல் 19 வரை செல்லும், எண் கூடக்கூடப் பணி ‘நல்லபிள்ளை’யாகிப் பிறருக்கு வழிவிடும். ஒழுக்கவியலிலிருந்து கடன்பெற்ற இச்சொற்கள் கணக்கை மட்டுமே குறிக்கின்றன. ஆயினும் அவற்றைச் சூழ்ந்த பூசல் மெய்யாகவே நியாயத்தைப் பற்றியதாக இருந்தது. பிழை சொல்லிவரும் பயனரோடு கொலிவாஸ் வாதாடுகிறார், பராமரிப்புப் பொறுப்புக்கு மோல்னாரே நம்பத்தக்கவர் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் கூறிய காரணங்களுள் ஒன்று. நிறுவனங்களின் பெரிய எந்திரங்களே கெர்னலின் போக்கைத் தீர்மானிக்கின்றன, எளிய பயனரின் குரல் எட்டுவதில்லை என்பது கொலிவாஸின் மறுப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முன்னது ஒருவரின் குணத்தைப் பற்றியது. பின்னது அமைப்பைப் பற்றியது. முன்னதற்குத் தரும் விடை பின்னதற்கு விடையாகாது. 2007 ஜூலையில் அவர் கெர்னல் பணியிலிருந்து விலகினார்.

2009 ஆகஸ்டில் அவர் பிஎஃப்எஸ் என்ற புதிய ஷெட்யூலருடன் திரும்பினார். கெர்னலில் சேர்க்குமாறு அவர் கோரவேயில்லை. கைவிடப்பட்ட பழைய முறைப்படி எல்லாச் செயலிகளுக்கும் ஒரே வரிசை. கெடு மிக அருகில் உள்ள பணிக்கு முதல் முறை. ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு இது ஆகாது என்பதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். மோல்னார் எட்டுக் கருக்கள் கொண்ட எந்திரத்தில் சோதித்து, சிஎஃப்எஸ்ஸே மேல் என்று எண்களை வெளியிட்டார். அன்றைய வீட்டு மேசையில் அத்தகைய எந்திரம் அரிது. எனினும் அந்த விவாதத்தை ஒட்டி, மறுமொழித் தாமதம் குறையும்படி சிஎஃப்எஸ்ஸின் இயல்பமைப்புகள் சில மாற்றப்பட்டன.

2010 நவம்பரில் மைக் கால்பிரெய்த் ஏறத்தாழ 200 வரித் திருத்தமொன்றை அனுப்பினார். ஒரே அமர்விலிருந்து கிளைக்கும் பணிகளை ஒரு குழுவாக்கி, குழுக்களுக்கிடையே நேரத்தைப் பங்கிடுவது அதன் வழி. 64 கிளைகளாகத் தொகுப்பு ஓடினாலும் உலாவி தடுமாறவில்லை. டோர்வால்ட்ஸ் மனமாரப் பாராட்டினார். 2.6.38 பதிப்பில் அது சேர்ந்தது. முனையத்தில் கெர்னலைத் தொகுப்பவருக்கன்றிச் சாதாரணப் பயனருக்கு இதனால் என்ன பயன் என்று லெனார்ட் போட்டரிங் எழுப்பிய கேள்வி கூர்மையானது. ‘மேசைக்கணினிப் பயனர்’ என்று கெர்னல் ஆக்குநர்கள் சொல்லும்போது தங்களையே எண்ணிக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவது கடினம்.

2023 அக்டோபரில் வந்த 6.6 பதிப்பில், பீட்டர் ஜைல்ஸ்ட்ரா எழுதிய இஇவிடிஎஃப், சிஎஃப்எஸ்ஸின் தேர்வுமுறைக்கு மாற்றாக அமர்ந்தது. தகுதியுள்ள பணிகளுள் மெய்நிகர்க் கெடு மிக அருகில் உள்ளதைத் தேர்வதே அதன் நெறி. மூலம் 1995இல் இயான் ஸ்டோய்காவும் ஹுசைன் அப்தெல்-வஹாபும் எழுதிய ஆய்வறிக்கை. கொலிவாஸ் முன்பு பீட்டர் வில்லியம்ஸுடன் வளர்த்த மற்றொரு யோசனையும் உண்டு: ஷெட்யூலரையே பயனர் மாற்றிக்கொள்ளும்படி விடுவது. தலைமையாளர்கள் அதை அன்று ஏற்கவில்லை. 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பு, ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே வேறொரு ஷெட்யூலரை ஏற்றவும் இறக்கவும் இடமளித்தது.