பசியாற்றிய பின்னும் கடமை உண்டு

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியபோது, சிதம்பரத்திற்குக் கிழக்கேயுள்ள பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தனர். அல்ஹம்துலில்லாஹ்! இவ்வரலாற்றை நாம் பெருமையுடன் சொல்லி வருகிறோம்.

ஆயினும் வயிறு நிறைந்த பின்னும் அச்சம் அகலவில்லை. அப்பொழுது பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகத்தில் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியளித்தனர். துயருற்றோர் பேசுவதைப் பொறுமையுடன் கேட்பது, பிள்ளைகளை விளையாடவும் வரையவும் செய்வது, குடும்பத்தின் அன்றாட ஒழுங்கை மீட்பது ஆகியவையே அதன் சாரம்.

விளையாட்டும் நிவாரணமாகுமா எனச் சிலர் வினவலாம். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னையார் காணத் துணை நின்றார்கள். ஆகுமான மகிழ்ச்சி குடும்பத்தின் உரிமையன்றோ!

2011-இல் தானே புயலும், 2015-இல் பெருவெள்ளமும் இம்மாவட்டத்தை வருத்தின. அப்போதும் நாம் அரிசியும் போர்வையும் திரட்டினோம். நம் மதரஸாவில் நீச்சலையோ முதலுதவியையோ கற்பிக்க எண்ணவில்லை. அடுத்த பேரிடர் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. வாரத்தில் ஒரு மாலையையேனும் இதற்கென ஒதுக்குவோம், இன்ஷா அல்லாஹ்.