விடால் பள்ளியின் மாணாக்கியர்

உண்டு உறைந்து கற்கும் கல்லூரி என்றவுடன் வரலாற்று நூல்கள் சுட்டுவது விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தை. முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டொன்று, அங்கு 340 மாணவர் பயின்றதையும் 14 ஆசிரியர் கற்பித்ததையும் கூறுகிறது. இளநிலையில் 270 பேர். முதுநிலையில் 70 பேர். மாணவர்க்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லுக்குக்கூடக் கணக்கு உண்டு. இதற்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. அது வேதக் கல்லூரி. அரசின் செல்வம் அதன் பின்னே நின்றது.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே, இப்பகுதியில் பெண்கள் தங்கிப் பயின்ற பள்ளி ஒன்று இருந்தது. அதனை அறிந்தோர் சிலரே. வந்தவாசி வட்டத்து வேடல் என்னும் ஊரே அது. கல்வெட்டு அதனைச் சிங்கபுர நாட்டு விடால் என்கிறது. சிங்கபுரம் என்பது செஞ்சியை அடுத்த இன்றைய சிங்கவரம். முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டினது எனக் கருதப்படும் இக்கல்வெட்டில், குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் இடம்பெறுகிறார். குரத்தியார் என்பது குருவின் பெண்பால். ஆசிரியை என்பதே பொருள்.

கல்வெட்டு எழுந்ததற்குக் காரணம் ஒரு பூசல். ஒரு திறத்தார் ஐந்நூற்றுவர், மறுதிறத்தார் நானூற்றுவர் என எண்ணிக்கை சொல்லப்படுகிறது. எண்கள் மரபு வழக்காகவே இருப்பினும், சிறு கூட்டத்திற்கு இத்தகைய எண் வழங்காது. இறுதியில் ஊரார் முன்வந்து, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர். அரசன் ஆணையிட்டதன்று; ஊர் ஏற்றுக்கொண்டது. பொழுது சாயுமுன் உணவை முடிக்கும் வழக்கமுடைய நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கு, அத்தனை பேருக்கு நாள்தோறும் சோறிடுதல் எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டுவதில்லை. அச்சுமையை ஏற்றவர்கள் உழவர்கள். தமிழகத்தில் மகளிர் கல்வி ஆங்கிலேயர் வருகையால் தோன்றியது எனப் பேசுவோர், இக்கல்வெட்டை ஒருமுறையேனும் படித்தல் நன்று.

விடால் தனித்த நிகழ்ச்சியன்று. தெற்கே கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செய்வித்தோருள் குரத்தியர் பலர் உளர். செஞ்சிப் பகுதியிலுள்ள பறையன்பட்டுக் கல்வெட்டு இன்னும் பழையது. வச்சணந்தி ஆசிரியரின் மாணாக்கர் ஆராதன் நோன்பிருந்து உயிர்நீத்த நிசீதிகை அது. ஆராதன் எவ்வூரார், யார் மகன் என்னும் செய்தி எதுவும் அதில் இல்லை. இன்னாரின் மாணாக்கர் என்பதே அவர்க்குப் போதிய அடையாளமாயிற்று.

இவ்வாசிரிய மரபு பிற்காலத்தும் அறுபடவில்லை. திருநறுங்கொண்டைக் குணபத்திரரின் மாணாக்கர் மண்டலபுருடர். திண்டிவனத்தை அடுத்த பெருமண்டூர் அவரது ஊர் என்பது வழிவழிச் செய்தி. அவர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளால் ஆனது. அதன் பதினோராந் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை வரிசையில் அடுக்கித் தருவது. மனப்பாடத்திற்கு மிக எளியது. பள்ளிகள் பாழடைந்த பின்னும், அச்சுப் புத்தகமும் அகராதியும் பரவும்வரை, எச்சமயத்துப் பிள்ளையும் திண்ணையில் அமர்ந்து உரக்கச் சொல்லிய பாடங்களுள் அதுவும் ஒன்று.