ஒரு காலுக்கு எத்தனை சதவீதம்?

பி.காம். படிப்பவனுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது முழுக்க முழுக்கக் கணக்கு சம்பந்தப்பட்டதுதான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் 45%, 70% என்று ஓர் எண் இருக்கும். உதவித்தொகை, வேலையில் இடஒதுக்கீடு எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கிடைக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது? ஒருவர் அன்றாடம் படும் பாட்டை அது சொல்கிறதா?

இந்தக் கணக்கின் பழைய வேரைத் தேடினால் 1923-க்குப் போக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆலை, சுரங்கம், ரயில்வே போன்ற இடங்களில் விபத்து நடந்தால் முதலாளி பணம் தர வேண்டும். எவ்வளவு? அதற்கு ஒரு பட்டியல் போட்டார்கள். வலது கை முழங்கையிலோ அதற்கு மேலோ போனால் 70, இடது கை என்றால் 60. கட்டைவிரல் 25. கால் பெருவிரல் 10. கிட்டத்தட்ட விலைப்பட்டியல்தான்! ஆனால் அது அளந்தது ஒன்றே ஒன்றை: சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை.

பட்டியல் எல்லோருக்கும் பொருந்தாது என்பது சீக்கிரமே நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சரின் வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் அவருக்கு இழப்பு 100% என்றது. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதை இன்னும் தெளிவாக விளக்கியது. இடது கை போனால் உடல் ஊனம் 60% இருக்கலாம். ஆனால் அவர் டிரைவரோ தச்சரோ என்றால் வருமான இழப்பு 100% வரை போகும். அரசு குமாஸ்தா என்றால் வேலையே போகாமலும் இருக்கலாம். அதாவது ஊனத்தின் அளவு வேறு, அதனால் வரும் இழப்பு வேறு.

விபத்து வழக்கில் நீதிபதி இப்படி ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார். நலத்திட்டங்களில் அந்த வசதி இல்லை. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைச் சொல்லி, 40% என்று ஒரு கோடு போட்டது. 2016 சட்டம் வகைகளை 21 ஆக்கியது. கோடு அதே 40-ல் நின்றது.

மருத்துவர் எப்படி அளந்தார்? மத்திய அரசு 2001-ல் வெளியிட்டு, 2018 வரை நடைமுறையில் இருந்த வழிகாட்டியைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கால் நிலைத்தன்மைக்கு 9 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, குந்தி உட்காருவது, சம்மணம் போடுவது என்று போகிறது. கைக்கு 10 செயல்கள், ஒவ்வொன்றும் 9 புள்ளி. கையால் சாப்பிடுவது, தலை பின்னுவது, வேட்டி கட்டுவதுகூட அதில் உண்டு. நம் ஊர் வாழ்க்கையை நினைத்துப் போட்டிருக்கிறார்கள், பாராட்ட வேண்டும்.

இரண்டு குறைபாடு இருந்தால் நேராகக் கூட்ட மாட்டார்கள். 40-ம் 40-ம் சேர்ந்தால் 80 வராது, சுமார் 62 தான் வரும். முதல் குறைபாடு போக மீதி இருப்பதில்தான் இரண்டாவதைக் கணக்கிடுவார்கள். தேய்மானத்தில் நாம் படித்த குறைந்து செல் மதிப்பு முறை மாதிரி!

இப்போது கல்வராயன் மலைக்கு வருவோம். சுமார் 2000 முதல் 3000 அடி உயரம். மலையாளிப் பழங்குடியினர் வாழும் கிராமங்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை. அங்கே வீட்டிலிருந்து காட்டுக்குப் போனாலும், ரேஷன் கடைக்குப் போனாலும் ஏற்ற இறக்கம்தான். 'சரிவில் நடப்பது' வழிகாட்டியில் 90-ல் 10 புள்ளி. மலையில் அதுதான் பாதையே. ஒரே கால், ஒரே சதவீதம். ஆனால் கள்ளக்குறிச்சி கடைவீதியில் இருப்பவருக்கும் வெள்ளிமலைக்கு அப்பால் இருப்பவருக்கும் அது ஒரே பாரமா?

சான்றிதழ் வாங்கப் போவதும் ஒரு நடைதான். 1993 வரை மாவட்டத் தலைநகர் கடலூர். அதன் பிறகு 2019 வரை விழுப்புரம், கள்ளக்குறிச்சியிலிருந்தே சுமார் 75 கிலோமீட்டர். 1996 விதிகளின்படி குறைந்தது 3 பேர் கொண்ட மருத்துவக் குழு சான்று தர வேண்டியிருந்தது. நடக்க முடியாது என்று நிரூபிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது! 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, 2022-ல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தூரம் நிச்சயம் குறைந்திருக்கிறது.

ஆனால் பணம் வரும் இடத்தில் எண் மறுபடி குறுக்கே நிற்கிறது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 2000 ரூபாய் ஆனது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற பிரிவில் அதைப் பெற 75% வேண்டும். மத்திய அரசின் ஓய்வூதியத்துக்கு 80%. 2001 வழிகாட்டியில் முழங்காலுக்குக் கீழே கால் போனால் 60 அல்லது 70. மேலே போனால் 80-க்குக் குறையாது. மலையில் மரவள்ளி பயிரிட்டுப் பிழைக்கும் ஒருவர் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தால் இந்த இரண்டு கோட்டுக்கும் வெளியேதான்.

பிரிட்டனில் 2013 முதல் வேறு முறை. அன்றாட வாழ்க்கைக்கு 10 செயல்கள், நடமாட்டத்துக்கு 2 செயல்கள். சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, 20 மீட்டர் நடக்க முடிகிறதா என்று கேட்டுப் புள்ளி போடுகிறார்கள். அங்கேயும் மேல்முறையீடுகளுக்குக் குறைவில்லை. நம் சதவீதத்துக்கும் ஒரு நியாயம் உண்டு: பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவுகோல், சிபாரிசுக்கு இடம் குறைவு. அதனால் அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

2016 சட்டத்தின் 38-வது பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோரைத் தனியாக மதிப்பிட ஒரு குழுவுக்கு வழி செய்கிறது. வாசல் ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது. உதவித்தொகை மனுவிலும் சதவீதத்தோடு ஒரு பக்கம் சேர்த்தால் போதும். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம்? கூட யார் வருகிறார்கள்? முழங்காலுக்குக் கீழே இழந்த காலுக்கும் மேலே இழந்த காலுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, இந்தப் பதில்களில் வரும் வித்தியாசம் பெரிதாக இருக்கும் என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?