வேகமான ராம் வாங்கலாமா? ராம்பஸ் கதை சொல்லும் கணக்கு

வணிகவியல் படிக்கிறவனுக்கு ராமில் என்ன வேலை என்று கேட்பீர்கள். "இன்னும் கொஞ்சம் போட்டால் வேகமான ராம் போட்டுத் தரலாம்" என்று கடைக்காரர் சொல்கிறார். அந்த "இன்னும் கொஞ்சத்துக்கு" நமக்கு என்ன கிடைக்கிறது? இது கணக்குக் கேள்விதானே! இந்தக் கேள்விக்கு 1999 முதல் 2003 வரை ஒரு பெரிய சோதனையே நடந்தது. அதன் பெயர் ராம்பஸ்.

1990-ல் மைக் ஃபார்ம்வால்ட், மார்க் ஹோரோவிட்ஸ் இருவரும் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் இது. இவர்கள் ராம் தயாரித்து விற்கவில்லை. வடிவமைப்பைக் கொடுத்து, தயாரிக்கும் கம்பெனிகளிடம் ராயல்டி வாங்கினார்கள். 1996-ல் வந்த நிண்டெண்டோ 64, 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2 இரண்டிலும் இவர்களுடைய ஆர்டிராம்தான். இன்டெல்லும் 1996-ல் இவர்களோடு ஒப்பந்தம் போட்டது.

அன்றைக்கு வழக்கத்தில் இருந்த பிசி133 எஸ்டிராம் நொடிக்குச் சுமார் 1066 மெகாபைட் அனுப்பும். பிசி800 ஆர்டிராம் 1600 மெகாபைட். வேகம் ஒன்றரை மடங்கு, விலையோ பல மடங்கு!

1999 நவம்பரில் இன்டெல் 820 சிப்செட்டோடு ஆர்டிராம் வீட்டுக் கணினிக்கு வந்தது. ஆனால் அதில் போட்ட பென்டியம் 3-ன் பஸ் நொடிக்கு 1066 மெகாபைட்டுக்கு மேல் வாங்காது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மூன்று அங்குல பைப் இறக்கிவிட்டு, கீழே அரை அங்குலக் குழாய் வைத்த கதைதான். போதாக்குறைக்கு, கேட்ட தகவலின் முதல் துண்டு வந்து சேர ஆர்டிராம் கூடுதல் நேரம் எடுத்தது. அதனால் பல சோதனைகளில், மலிவான எஸ்டிராம் போட்ட பழைய போர்டுகளே அதற்கு ஈடுகொடுத்தன.

அப்படியானால் ஆர்டிராம் வெறும் ஏமாற்றா? அதுவும் இல்லை. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4-ன் பஸ் 3200 மெகாபைட் கேட்டது. இரண்டு வரிசை ஆர்டிராம் அதைச் சரியாகக் கொடுத்தது. 2001-ல் அதே ப்ராஸசரை பிசி133 ராமோடு விற்றபோது வேகம் நன்றாகவே குறைந்தது. பசி உள்ள ப்ராஸசருக்கு வேகமான ராம் தேவைதான்.

ஆனால் அதற்குள் டிடிஆர் வந்துவிட்டது. ராயல்டி, பெரிய சிப், செலவு பிடிக்கும் சோதனை என்று ஆர்டிராமின் அடக்கவிலை இறங்கவே இல்லை. 2003-ல் ஜோடியாகப் போட்ட டிடிஆர்400 நொடிக்கு 6400 மெகாபைட் கொடுத்தது. வீட்டுக் கணினியில் ஆர்டிராமின் கதை அதோடு முடிந்தது.

இதில் வணிக மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அதே காலத்தில் ராம் தயாரிப்பாளர்கள் கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயித்தது வெளியே வந்தது. அமெரிக்காவில் இன்ஃபினியான் 2004-ல் 16 கோடி டாலரும், ஹைனிக்ஸ் 18.5 கோடியும் சாம்சங் 30 கோடியும் 2005-ல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. ஆக, நாம் கொடுக்கும் விலை எப்போதும் தரத்தை மட்டும் காட்டுவதில்லை.

பெட்டியில் உள்ள எண்ணும் முழுக் கதையைச் சொல்லாது. பிசி133-ல் சிஎல்2 என்றால் காத்திருப்பு 15 நானோ நொடி. டிடிஆர்4-3200-ல் சிஎல்22 என்றால் 13.75 நானோ நொடி. எண் 133-லிருந்து 3200 ஆகிவிட்டது, காத்திருப்பு அப்படியேதான் இருக்கிறது!

எனவே என் கணக்கு இதுதான்:

முதலில் அளவு. ராம் போதாமல் கணினி டிஸ்க்கைத் தேடிப் போனால், எந்த வேகமும் காப்பாற்றாது.

இரண்டாவது, ஒற்றைக்குப் பதில் ஜோடியாகப் போடுங்கள்.

மூன்றாவது, உங்கள் போர்டும் ப்ராஸசரும் ஏற்கும் வேகத்தைப் பாருங்கள். அதைத் தாண்டிக் கொடுக்கும் காசு வீண்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் வேகமான ராம் கண்ணுக்குத் தெரியும் பலன் தரும். கிராஃபிக்ஸும் அதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டாலியும் எக்செல்லும் ஓட்டுகிற நம்மைப் போன்றவர்கள் அந்தக் காசில் இன்னொரு ராம் வாங்கிப் போடலாம் :-)