திரும்பி வராத நோயாளியும் கரைந்த எலும்பும்: இடுப்பு மூட்டு மறு அறுவையின் பலனை அளப்பது பற்றி

பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளில் எலும்பு சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்குப் போனால் தமிழ் காதில் விழாமல் இருக்காது. ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் தங்கவயல் பக்கத்து ஆட்கள். இடுப்பு மூட்டு மாற்றிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து நொண்டிக்கொண்டு வருபவரிடம், இடையில் ஏன் எக்ஸ்ரே எடுக்கவில்லை என்று கேட்டால், "வலிக்கலையே, எதுக்கு வரணும்?" என்பார். நியாயமான கேள்விதான். சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

அறுவை மருத்துவர் சார்ன்லி 1962இல் நிலைநிறுத்திய உலோகப் பந்து, பாலிஎத்திலீன் கிண்ணம் என்ற இணை தேயும்போது நுண்துகள்கள் உதிர்கின்றன. அவற்றை விழுங்கிய செல்கள் செரிக்க முடியாமல் அழற்சியைக் கிளப்ப, சுற்றியுள்ள எலும்பு ஓசையின்றிக் கரைகிறது. வலி தெரியும்போது பெரும்பாலும் கிண்ணம் ஆட்டம் கண்டிருக்கும்.

கிண்ணத்தைச் சுற்றிய எலும்பு இழப்பைப் படிகளாகப் பிரிக்கும் பாப்ராஸ்கியின் 1994ஆம் ஆண்டு வகைப்பாட்டில் கடைசிப் படி 3பி. எக்ஸ்ரேயில் கிண்ணம் 3 செ.மீ.க்கு மேல் ஏறியிருக்கும். இடுப்புக் குழியின் உள்ளெல்லையைக் காட்டும் கோஹ்லர் கோட்டைத் தாண்டி உள்ளே புகுந்திருக்கும். அடியில் இஸ்கியம் என்ற இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதி கரைந்திருக்கும். புதுக் கிண்ணம் பற்றிக்கொள்ளச் சொந்த எலும்பு 40 சதவீதம்கூட மிஞ்சாது. முதல் படியில் வழக்கமான கிண்ணமும் இரண்டு திருகும் போதும். இங்கோ நுண்துளை டாண்டலம், முட்டுக்கொடுக்கும் துண்டுகள், கூண்டு, தானமாகப் பெற்ற எலும்பு என்று பட்டியல் நீள்கிறது. ஆகவே நோயாளி எந்தப் படியில் வந்து சேர்ந்தார் என்று பிரிக்காமல் எந்த உலோகம் மேல் என்று விவாதிப்பது வீண்.

அடுத்தது கணக்கு. உள்வைப்பின் 'ஆயுள்' என்று நாம் சொல்வது அதை மறுபடி கழற்றாமல் இருந்த காலத்தை. தொடர்பறுந்தவரின் கதியும் வந்தவர்களின் கதியைப் போலவே இருக்கும் என்ற அனுமானத்தில் அவரைப் பாதியில் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறோம். வராமல் போனதால் அவர் எலும்பு கெடுகிறது. அதே காரணத்தால் நம் வரைபடம் அழகாகிறது. இடுப்பு மூட்டின் நிலைக்கு மதிப்பெண் தரும் ஹாரிஸ் அளவையும் இந்தக் கரைதலைப் பிடிக்காது. அதில் 100க்கு 44 புள்ளி வலிக்கு. எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வலியில்லாதவருக்கு அந்த 44ம் கிடைத்துவிடும்.

நோயாளிகள் இப்படித் தொடர்பறுந்து போவதன் அளவை ஏஎஸ்ஆர் விவகாரம் காட்டியது. உலோகத்தோடு உலோகம் உரசும் அந்த உள்வைப்பை டிப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியப் பதிவேடுகள் அதில் மறு அறுவை மிகுந்திருப்பதைக் காட்டியிருந்தன. இந்தியாவில் அது பொருத்தப்பட்டவர்கள் சுமார் 4,700 பேர். மத்திய அரசின் நிபுணர் குழு அறிக்கை 2018இல் வெளிவந்தபோது அவர்களில் ஏறக்குறைய 3,600 பேரின் இருப்பிடம் தெரியவில்லை. இடுப்பு முழங்கால் அறுவை மருத்துவர் சங்கம் 2006இல் தொடங்கிய நம்முடைய பதிவேடோ விருப்பமுள்ளவர் பதிவதாகவே இருந்துவந்தது.

பெங்களூரிலிருந்து வரும் மறு அறுவை ஆய்வு எதிலும் மூன்று விவரங்களை எதிர்பார்க்கிறேன்: மறு அறுவைக்கு முந்தைய கடைசி எக்ஸ்ரேயின் ஆண்டு, அறுவை மேசையில் திறந்து பார்த்தபோதிருந்த படி, வராதவர் அனைவரையும் தோல்வியாக எண்ணினால் வரும் விகிதம். மூன்றாவதை எழுத யாருக்கும் மனம் வராது. வராதவரைக் குறைக்க வழி உண்டு. ஓசூரிலேயே எக்ஸ்ரே எடுத்து, ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். சிறு கரைதல் அதில் தெரியாது. கிண்ணம் மேலேறியிருந்தால் தெரியும்.