டான்சில் அகற்றல்: பழைய முறையும் புதிய முறைகளும்

டான்சில் அகற்றல் என்பது தொண்டையின் இருபுறமும் உள்ள அடிநாச் சதைகளை எடுக்கும் அறுவைச் சிகிச்சை. அடிக்கடி வரும் தொண்டை அழற்சிக்கும், உறக்கத்தில் மூச்சு அடைபடுவதற்கும் இது செய்யப்படுகிறது.

வரலாறு: சுசுருத சம்ஹிதை ‘துண்டிகேரி’ என்ற வீக்கத்தை அண்ண நோய்களோடு சேர்த்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானியரான செல்சஸ், சதையை விரலாலேயே சுற்றிக் கெல்லி எடுக்கலாம் என்றார். அதற்கு வராவிட்டால்தான் கொக்கியும் கத்தியும். பிலடெல்பியாவின் பிலிப் சிங் பிசிக் 1828இல் உள்நாக்கை நறுக்கும் கருவியைத் திருத்தி டான்சில் வெட்டி ஆக்கினார். லண்டனில் அதைப் பரப்பியவர் மோரல் மெக்கென்சி. நொடியில் வேலை முடியும். ஆனால் அடிச்சதை தங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதையை உறையோடு பிரித்தெடுக்கும் முறை நிலைபெற்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குரோ குழுவினர் 1917இல் ஆயிரம் நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டனர். நோயாளியின் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, வாய்திறப்பானை மாட்டி, மருத்துவர் தலைமாட்டில் அமர்ந்து செய்யும் இம்முறையே இன்றும் அடிப்படை.

புதிய முறைகள்: மின்சூட்டுக் கருவி 400 பாகை செல்சியஸ் வரை சுடும். கோப்ளேஷன், உப்புநீரில் பிளாஸ்மாவை உண்டாக்கி 40 முதல் 70 பாகையிலேயே திசுவைக் கரைக்கும். இதன் முனை ஒரே நோயாளிக்கானது, விலையும் கூடுதல். மீயொலிக் கத்தி நொடிக்கு 55,000 முறைக்கு மேல் அதிரும். சுழல் கத்தியால் உறையை விட்டு உட்சதையை மட்டும் சீவினால் வலி குறையும். ஆனால் சதை மீண்டும் வளரக்கூடும்.

இடர்: இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003–04இல் நடந்த தேசியத் தணிக்கையில், மின்சூட்டிலும் கோப்ளேஷனிலும் குருதிப்போக்கு சூடு படாத முறையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. ஆகவே குருதிப்போக்கைப் பொறுத்தவரை, கத்தியும் கட்டுநூலும் கொண்ட சூடு படாத முறையே அத்தணிக்கையில் கூடுதல் பாதுகாப்பாகத் தெரிந்தது. புண்மேல் படியும் வெள்ளைப் படலத்தைச் சீழ் என்று அஞ்ச வேண்டியதில்லை. அது உதிரும் 5 முதல் 10ஆம் நாள்வரை கூடுதல் கவனம் தேவை. உறங்கும் குழந்தை ஓயாமல் விழுங்கிக்கொண்டிருந்தால் உள்ளே இரத்தம் கசிவதாகக் கொள்க. ‘சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம்’ என்ற புதிய கருவிகளின் விளம்பரப் பேச்சு, படலம் உதிரும் இந்த நாள்களைச் சொல்வதில்லை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்: இச்சிகிச்சையை நாடும் இத்தொழிற்சாலைப் பகுதியினருக்கு அருகில் தண்டலத்தில் சவீதா மருத்துவக் கல்லூரியும், சற்றுத் தள்ளிச் செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) வருவர், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால் நோய்விடுப்புக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும்.