ருச்சிகா வழக்கு: விளையாட்டு அமைப்புகளில் பொறுப்பாளர்களின் மௌனம்

அரியானா டென்னிஸ் சங்கத்தின் தலைவராகவும் காவல்துறை ஐ.ஜி.யாகவும் இருந்த எஸ்.பி.எஸ். ராத்தோர், 14 வயது டென்னிஸ் வீராங்கனை ஒருவரிடம் 1990இல் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டது தொடர்பான வழக்கே ருச்சிகா வழக்கு. இதில் குற்றவாளி ஒருவர். அறிந்தும் தம் கடமையைச் செய்யாதவர்களோ பலர்.

நிகழ்வு

1990 ஆகஸ்ட் 12 அன்று, பஞ்ச்குலாவில் ராத்தோரின் வீட்டிலேயே இயங்கிவந்த சங்க அலுவலகத்திற்கு ருச்சிகா தோழியுடன் சென்றார். சிறப்புப் பயிற்சி தருவதாகச் சொல்லியே அவரை வரவழைத்திருந்தனர். பயிற்சியாளரை அழைத்துவரும்படி தோழியை அனுப்பிவிட்டு ராத்தோர் அத்துமீறினார். திரும்பி வந்த தோழி கண்டதே பின்னர் வழக்கின் முதன்மைச் சாட்சியமாயிற்று.

தட்டிக்கழித்தவர்கள்

சில நாட்களில் புகார் மேலிடத்திற்குச் சென்றது. அப்போதைய காவல்துறைத் தலைவர் ஆர்.ஆர். சிங் விசாரித்து, வழக்குப் பதியலாம் என்று செப்டம்பர் 3 அன்று அறிக்கை அளித்தார். அரசு வழக்குப் பதியவில்லை. செப்டம்பர் 20 அன்று, கட்டணம் செலுத்தவில்லை என்ற காரணத்தைக் காட்டி, சண்டிகரில் அவர் படித்த பள்ளி அவரை நீக்கியது. கட்டணம் தாமதமானால் முதலில் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புவதே பள்ளிகளின் வழக்கம். 20 ஆண்டுகளுக்குப் பின் சண்டிகர் நிர்வாகம் நடத்திய விசாரணையும் பள்ளியின் செயல் முறையற்றது என்றே கூறியது.

ருச்சிகாவின் சகோதரர் மீது வாகனத் திருட்டு வழக்குகள் போடப்பட்டன. பின்னாளில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1993 டிசம்பர் இறுதியில் ருச்சிகா தற்கொலை செய்துகொண்டார். ராத்தோரோ பதவி உயர்வு பெற்று 1999இல் மாநிலக் காவல்துறைத் தலைவரானார்.

தீர்ப்பு

தோழியின் பெற்றோர் விடாமல் போராடினர். 1998இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. முதல் தகவல் அறிக்கை பதிவானது 1999 டிசம்பரில்; அதாவது, சம்பவம் நடந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. 2009 டிசம்பர் 21 அன்று ராத்தோருக்கு 6 மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தண்டனை 18 மாதமாக உயர்ந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து, அனுபவித்த சிறைக்காலமே போதும் என்றது. புகாரைக் கிடப்பில் போட்டதற்காக எந்த அதிகாரியும் சிறை செல்லவில்லை.

ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு. கால்பந்துத் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களிடம் அத்துமீறுவதாக 2001இல் பல்கலைக்கழக நிர்வாகிகளிடம் தகவல் வந்தது. அவர்கள் காவல்துறைக்கோ குழந்தைகள் நலத் துறைக்கோ தெரிவிக்கவில்லை. 2011இல்தான் சாண்டஸ்கி கைதானார். அடுத்த ஆண்டு 45 குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார். வழக்கு அத்துடன் முடியவில்லை. குழந்தைகளை ஆபத்துக்குள்ளாக்கியதாகப் பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர் 2017இல் தண்டிக்கப்பட்டு, 2021இல் சிறை சென்றார். விளையாட்டுத் துறை இயக்குநரும் துணைத் தலைவர் ஒருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத் தண்டனை பெற்றனர்.

இன்றைய சட்டம்

இந்தியாவிலும் நிலை மாறியிருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. இத்தகைய குற்றங்களில் வழக்குப் பதிய மறுக்கும் காவல் அலுவலருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவியர் முறையிட உள்ளகப் புகார்க் குழு இருப்பது கட்டாயம்.

இந்த விதிகள் 1990இல் இருந்திருந்தால், அறிக்கையைக் கிடப்பில் போட்டவர்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இன்று நம் ஊர்ப் பள்ளி மைதானம் முதல் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை வரை, பொறுப்பில் இருப்பவர் "எனக்கேன் வம்பு" என்று ஒதுங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த எண் மைதானத்தின் வாசலிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.